கறிவேப்பிலைக்குக் குளிர்கால விளக்கு: எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வெளிச்சம்?

அக்டோபர் வந்துவிட்டால் டொராண்டோவில் கறிவேப்பிலை வளர்க்கும் வீடுகளில் ஒரே கவலைதான். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும், தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாக வேண்டும். உள்ளே வந்த சில வாரங்களில் இலை மஞ்சளாகி உதிரும். பொங்கலுக்குள் குச்சி மட்டும் நிற்கும். “குளிர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லி ஆறுதல் தேடிக்கொள்வோம். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, 21 டிகிரி இருக்கிறது, அப்புறம் ஏது குளிர்? பெரும்பாலான செடிகள் பட்டினியில்தான் போகின்றன. வெளிச்சம்தான் அதற்குச் சாப்பாடு.

இதைப் புரிந்துகொண்டு விளக்கு வாங்குகிறவர்களும் அடுத்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அட்டைப்பெட்டியில் ‘1000 வாட்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கி, கைக்கு எட்டிய உயரத்தில் மாட்டி, காலையில் போட்டு மாலையில் அணைக்கிறார்கள். வாட், உயரம் இரண்டும் கடைசியில் முடிவு செய்ய வேண்டியவை. செடிக்கு ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதில் தொடங்கி, எத்தனை மணி நேரம், இலையின் மேல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தால் உயரம் தானாக வந்து நிற்கும். அந்த வரிசையில்தான் இங்கே போகப் போகிறோம். கறிவேப்பிலையை வைத்துச் சொல்கிறேன். துளசிக்கும் மிளகாய்க்கும் எண்கள்தான் மாறும், முறை ஒன்றுதான்.

ஜன்னல் ஏன் போதாது

டொராண்டோ ஏறக்குறைய 43.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று இங்கே பகல் சுமார் 9 மணி நேரம். உச்சிவேளையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரிதான் ஏறும். அதே நாளில் சென்னையில் 53 டிகிரிக்கு மேல் நிற்கும், பகலும் 11 மணி நேரத்துக்கு மேல். லண்டன்காரர்கள் பாடு இன்னும் மோசம்: 15 டிகிரி, 8 மணி நேரத்துக்கும் குறைவான பகல். சாய்ந்து வரும் அந்த வெயிலும் மேகத்தில் பாதி போய், இரட்டைக் கண்ணாடியில் கொஞ்சம் போய், மிச்சம்தான் உள்ளே வருகிறது. ஜன்னலை விட்டு ஓரடி தள்ளினால் அதுவும் வேகமாகக் குறையும்.

நம் கண்ணுக்கு இது தெரியாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொன்னால் நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். இரவில் விளக்குப் போட்ட ஹால் 200 லக்ஸ் இருக்கும். 500 மடங்கு வித்தியாசம். ஆனால் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறோமே, இருட்டாகவா தெரிகிறது? கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும், இலைக்கு அந்த வசதி இல்லை. அதனால் “வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு” என்ற கண் மதிப்பீட்டைச் செடி விஷயத்தில் ஓரம் வைத்துவிடுங்கள். அளந்துதான் பார்க்க வேண்டும்.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று அளவுகள்

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. பச்சை, மஞ்சள் ஒளிக்கு அதில் மதிப்பு அதிகம், சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைவு. போனிலேயே அளக்கலாம் என்பதால் நமக்கு உபயோகமானது.

மைக்ரோமோல் என்பது செடிக்கான அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்ற எண்ணிக்கை. கடைக்காரர்கள் பிபிஎஃப்டி என்று போடுவது இதைத்தான். நல்ல உச்சி வெயிலில் இது 2,000-ஐ ஒட்டி இருக்கும்.

மூன்றாவது டிஎல்ஐ, அதாவது நாள் முழுக்கச் சேர்ந்த வெளிச்சம். மழையளவு மாதிரி: எவ்வளவு பலமாகப் பெய்தது என்பது மைக்ரோமோல், பொழுது சாயும்போது மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் பதிவானது என்பது டிஎல்ஐ. செடி வளர்வதும் வாடுவதும் பெரும்பாலும் இந்த மொத்தத்தைப் பொறுத்தது. கணக்கு சுலபம்:

டிஎல்ஐ = மைக்ரோமோல் × விளக்கு எரியும் மணி × 0.0036

வெள்ளை எல்இடி விளக்கென்றால் லக்ஸை 67-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மைக்ரோமோல் கிடைக்கும். வெயிலை அளந்தால் 54-ஆல் வகுக்க வேண்டும். விளக்குக்கு விளக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும். வீட்டுத் தேவைக்கு இது தாராளமாகப் போதும். ஊதாவும் இளஞ்சிவப்புமாக எரியும் விளக்குகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. லக்ஸ் மீட்டர் அந்த நிறங்களைச் சரியாகப் பார்ப்பதே இல்லை. செடிக்கு நிறைய வெளிச்சம் விழும்போதும் மீட்டர் சொற்பமாகக் காட்டும்.

படி 1: செடிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, வெயில் விரும்பி. அதை வைத்து நான் எடுத்துக்கொள்ளும் இலக்குகள் இவை. இலை உதிராமல் குளிர்காலத்தைத் தாண்டினால் போதும் என்றால் டிஎல்ஐ 6 முதல் 8. மெதுவாகவாவது புதுக்கொழுந்து விட வேண்டும், ரசத்துக்கு அவ்வப்போது ஒரு ஈர்க்கு ஒடிக்க வேண்டும் என்றால் 12 முதல் 15. கோடைகாலம் மாதிரித் தளதளவென்று வர வேண்டும் என்றால் 20 பக்கம்.

20-க்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த அளவுக்கு விளக்குச் செலவு, கரண்ட் செலவு, அறை முழுக்கக் கூசும் வெளிச்சம், அதற்கேற்ற தண்ணீர், உரம் எல்லாம் கூடவே வரும். 14 என்று வைத்துக்கொண்டு கீழே கணக்குப் போடுவோம்.

வீட்டில் மற்ற செடிகளும் இருக்குமே. மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை வகையறா 3 அல்லது 4-லேயே காலம் தள்ளும். வெற்றிலை நிழல் கேட்கும் கொடி, 6 முதல் 8 போதும். கொத்தமல்லி, கீரைகளுக்கு 12 முதல் 15. துளசிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மிளகாயும் தக்காளியும் காய்க்க வேண்டுமென்றால் 20-க்கு மேல் வேண்டும். ஹாலில் மிளகாய் காய்க்க வைப்பது செலவு பிடித்த பொழுதுபோக்கு.

படி 2: எத்தனை மணி நேரம்?

கறிவேப்பிலைக்கு 14 மணி நேரம் வைக்கலாம். காலை 6-க்குப் போட்டு இரவு 8-க்கு அணையும்படி பிளக்கில் செருகும் டைமர் ஒன்று வாங்கிவிடுங்கள். கையால் போட்டு அணைக்கும் வேலை முதல் வாரம்தான் ஒழுங்காக நடக்கும்.

மணி நேரத்தைக் கூட்டினால் சின்ன விளக்கே போதுமே என்று தோன்றும். ஓரளவுக்கு உண்மைதான், அதே மொத்தத்தைக் குறைந்த பலத்தில் நெடுநேரம் கொடுப்பது செடிக்கும் நல்லது. 16 மணி நேரம் வரை போகலாம். அதற்காக இரவு பகலாக எரிய விட வேண்டாம். தக்காளிக்கு 24 மணி நேரமும் வெளிச்சம் கொடுத்தால் இலை வெளுத்துக் கெட்டுப்போவது நன்கு தெரிந்த விஷயம். பூச்செடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: சாமந்தி போன்றவை இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும், விளக்கை நீட்டித்தால் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். கறிவேப்பிலையை நாம் பூவுக்காக வளர்க்கவில்லை என்பதால் அந்தக் கவலை இல்லை.

படி 3: இலையின் மேல் எவ்வளவு விழ வேண்டும்?

இலக்கான டிஎல்ஐ 14-ஐ, 14 மணிக்கும் 0.0036-க்கும் உள்ள பெருக்குத்தொகையால் வகுத்தால் 278 வருகிறது. 280 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்ளலாம். லக்ஸில் 280 × 67, சுமார் 19,000. இதுதான் இனிமேல் நாம் துரத்தப் போகும் எண். 12 மணி நேரம் எரித்தால் 324 மைக்ரோமோல் வேண்டும், 16 மணி நேரம் எரித்தால் 243 போதும்.

தெற்குப் பார்த்த ஜன்னலோரம் தொட்டி இருந்தால் ஜன்னல் கொடுப்பதைக் கழித்துக்கொள்ளலாம். காலை 10, பகல் 12, மதியம் 2 என மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். உதாரணமாக, ஆறு மணி நேரத்துக்குச் சராசரி 5,400 லக்ஸ் வருகிறது என்றால் 100 மைக்ரோமோல், டிஎல்ஐ 2.2. விளக்கு 12 கொடுத்தால் போதும். ஆனால் மேகமூட்டமான ஒரு வாரம் வந்தால் இந்த 2.2 ஒன்றுக்கும் கீழே போய்விடும். பேஸ்மென்ட்டில் வைப்பவர்களுக்குக் கழிக்க ஒன்றும் இல்லை.

படி 4: விளக்கு

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘1000 வாட்’டை மறந்துவிடுங்கள். உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பல ‘1000 வாட்’ விளக்குகள் 100 வாட்தான் இழுக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்பது. பலகை மாதிரித் தட்டையாக இருக்கும் நல்ல எல்இடி பேனல்கள் 2.5 முதல் 3 வரை தரும். வீட்டுக்குப் போடும் சாதாரண எல்இடி பல்பு 1.5 சுமாருக்குத் தரும். எதுவுமே எழுதாத விளக்கு என்றால் குறைவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

செடி விரிந்து நிற்கும் பரப்பு 60-க்கு 60 செ.மீ. என்று வைப்போம். அது 0.36 சதுர மீட்டர். அதில் சதுர மீட்டருக்கு 280 வீதம் விழ வேண்டுமானால் பரப்பு முழுக்கச் சேர்த்து நொடிக்கு 100 மைக்ரோமோல். விளக்கிலிருந்து வருவது முழுவதும் இலையில் விழாது, சுவரிலும் தரையிலும் சிந்தும். மூன்றில் இரண்டு பங்கு விழுந்தால் பெரிது. ஆக விளக்கு 150 மைக்ரோமோல் தர வேண்டும். நல்ல பேனல் என்றால் 60 வாட், சாதாரண பல்புகள் என்றால் 100 வாட். ஓரடி அகலமே உள்ள சின்னக் கன்றுக்கு 20 வாட் போதும். 60 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 25 யூனிட் ஆகும். உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவ்வி வைத்த, வளையும் கழுத்துள்ள சின்ன விளக்குகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. மேசைமேல் இருக்கும் மணி பிளான்ட்டுக்கு அவை சரி. கறிவேப்பிலைக்கு அதை மாட்டிவிட்டு, விளக்கு போட்டும் உதிர்கிறதே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. செடிக்குச் சிவப்பும் நீலமும்தான் வேண்டும், பச்சை வீண் என்று சொல்லி ஊதா விளக்கு விற்பார்கள். 1972-இல் கீத் மெக்ரீ 22 வகைப் பயிர்களை வைத்து அளந்து வெளியிட்ட வரைபடத்திலேயே பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே உதவுகிறது என்பது தெரிகிறது. வெள்ளை விளக்கையே வாங்குங்கள். அளக்கவும் சுலபம், இலையின் உண்மையான நிறமும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் என்ன வளர்க்கிறீர்கள் என்று சந்தேகமாகப் பார்க்கவும் மாட்டார்.

கனடாவில் வாங்கும்போது சிஎஸ்ஏ, சியுஎல், சிஈடிஎல் என்ற மின் பாதுகாப்பு முத்திரைகளில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கணக்கில், ஆளில்லாத வீட்டிலும் எரியும் பொருள் இது.

படி 5: தொங்க விடுவது

உயரம் என்றால் விளக்குக்கும் செடியின் உச்சி இலைக்கும் உள்ள தூரம். தரையிலிருந்தோ தொட்டி விளிம்பிலிருந்தோ அளப்பதில்லை. ஆரம்ப உயரங்கள்: 60 முதல் 100 வாட் பேனலுக்கு 45 முதல் 60 செ.மீ.; ஹோல்டரில் மாட்டும் 20 வாட் ஒற்றை பல்புக்கு 25 முதல் 30; நீளமான டியூப் விளக்குகளுக்கு 15 முதல் 25. இவை தொடங்குவதற்கு மட்டுமே. அளந்த பிறகு மாறும்.

ஏற்றி இறக்க வசதியாக ராட்செட் (இழுத்த இடத்தில் நழுவாமல் பிடித்து நிற்கும் பூட்டு) வைத்த கயிறு அல்லது சங்கிலியும் கொக்கியும் பயன்படுத்துங்கள். ஒரே உயரத்தில் ஆணியடித்து மாட்டினால் ஒரு தடவைகூட மாற்ற மாட்டீர்கள். இங்குள்ள வீடுகளின் கூரை ஜிப்சம் பலகை. மேலே உள்ள மரச்சட்டத்தைத் தேடிப் பிடித்துத்தான் கொக்கி திருக வேண்டும், வெறும் பலகை எடை தாங்காது. வயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் பிளக்கைவிடக் கீழே தொங்கி மேலே ஏறட்டும். தண்ணீர் வழிந்தால் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

படி 6: அளப்பது

ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஏதாவது ஒன்று போதும். திரையின் மேல் விளிம்பில் உள்ள சென்சாரால் அளக்கும். ஐபோனில் அந்த சென்சாரை வெளிச் செயலிகள் படிக்க முடியாது. போட்டோன் போன்ற செயலிகளில் கேமராவை ஒரு வெள்ளைத்தாளால் மூடி அளக்க வேண்டும். அதில் நேரடியாக மைக்ரோமோலே காட்டும்.

இரவில், அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அளந்தால் செடி விளக்கு மட்டும் என்ன தருகிறது என்று தெரியும். போனை உச்சி இலை இருக்கும் மட்டத்தில், திரை மேலே பார்க்கும்படி கிடையாகப் பிடியுங்கள். உங்கள் தலை நிழல் விழக் கூடாது. குனிந்து எண்ணைப் பார்க்கும்போது இதுதான் நடக்கும், எண் சட்டென்று குறையும். நடுவில் ஒன்று, நான்கு ஓரங்களில் நான்கு என ஐந்து இடம் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் 19,000 இருக்கும்போது ஓரத்தில் 9,000 வருவது சகஜம். இலக்கை ஐந்தின் சராசரிக்கு வைக்க வேண்டும், நடுவுக்கு அல்ல. ஓரத்துக் கிளைகளுக்கு நியாயம் செய்ய வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பி வைத்தால் போதும்.

படி 7: உயரத்தைச் சரிசெய்வது

ஒற்றை பல்பு என்றால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். 30 செ.மீ. உயரத்தில் 280 மைக்ரோமோல் தரும் பல்பை 42 செ.மீ.க்கு ஏற்றினால் 140 ஆகிவிடும். ஒரு சாண் ஏற்றினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அகலமான பேனலிலும் நீள டியூபிலும் இவ்வளவு வேகமாகக் குறையாது. டியூபுக்கு அருகில் தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய பாதியாகும்.

புது உயரத்தை ஊகிக்க ஒரு வழி உண்டு. இப்போது அளந்த லக்ஸை வேண்டிய லக்ஸால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இப்போதைய உயரத்தால் பெருக்குங்கள். 40 செ.மீ.யில் 12,000 வருகிறது, 19,000 வேண்டும் என்றால்: 12-ஐ 19-ஆல் வகுத்தால் 0.63, வர்க்கமூலம் 0.79, 40-ஆல் பெருக்கினால் 32. விளக்கை 32 செ.மீ.க்கு இறக்கி மறுபடி அளந்து பாருங்கள். பேனலுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். இரண்டாவது அளவில் சரியாகிவிடும்.

விளக்கில் ஒளியைக் குறைக்கும் திருகு இருந்தால், உயரம் மாற்றுவதா திருகுவதா என்ற கேள்வி வரும். உயரமான கறிவேப்பிலைக்கு இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளக்கு உச்சி இலைக்கு 25 செ.மீ. மேலே இருக்கிறது, உச்சிக்குக் கீழே 40 செ.மீ.யில் இன்னொரு அடுக்கு இலை என்று வையுங்கள். அந்தக் கீழ் இலை விளக்கிலிருந்து 65 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஒற்றை பல்பின் கணக்குப்படி உச்சிக்குக் கிடைப்பதில் 15 சதவீதம்தான் அதற்குக் கிடைக்கும், அதற்கும் மேலிலையின் நிழல் வேறு. அதே விளக்கை 50 செ.மீ.க்கு ஏற்றி, பலத்தைக் கூட்டி, உச்சியில் பழையபடி 280 வரும்படி வைத்தால் கீழ் இலைக்கு 31 சதவீதம் போகும். உச்சிக்கு ஒரே அளவுதான், கீழே இரண்டு மடங்கு. அதனால்தான் பலமான விளக்கை உயரத்தில் வைப்பது, பலவீனமான விளக்கைத் தலையில் இடிக்கும்படி வைப்பதைவிட மேல். அடி இலையெல்லாம் உதிர்ந்து, உச்சியில் மட்டும் ஒரு கொத்து நிற்கும் செடிகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

விலை கொடுத்துப் பெரிய விளக்கு வாங்க மனமில்லையா? செப்டம்பரிலேயே செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே கிளை பிரியும், செடி குட்டையாக, அகலமாக வரும், விளக்கு எல்லா இலைக்கும் எட்டும். வெட்டிய கறிவேப்பிலை எப்படியும் வீணாகப் போகாது. வெட்ட மனசு வராதவர்கள் டியூப் விளக்கு ஒன்றைச் செடிக்குப் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தலாம். பின்னால் வெள்ளைச் சுவரோ வெள்ளை அட்டையோ இருந்தால் சிந்தும் வெளிச்சத்தில் கொஞ்சம் திரும்பி வரும். அலுமினியத் தாள் ஒட்ட வேண்டிய அவசியமில்லை, வெள்ளைப் பெயின்ட்டே நன்றாகப் பிரதிபலிக்கும்.

இன்னொன்று: ஒளியைக் குறைக்கும் வசதியே இல்லாத எல்இடி விளக்கைச் சுவரில் இருக்கும் டிம்மரோடு இணைக்காதீர்கள். மினுக்கும், சீக்கிரம் கெட்டுப்போகும்.

பழக்கப்படுத்துவது

நேற்று வரை வெளியே வெயிலில் நின்ற செடிக்கு 280 மைக்ரோமோல் ஒரு பொருட்டே இல்லை. உள்ளே வந்த அன்றே முழு அளவைக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பலர் “புது இடம், கொஞ்சம் பழகட்டும்” என்று மூலையில் இரண்டு வாரம் வைத்துவிட்டு அப்புறம் விளக்கு போடுவார்கள். அந்த இரண்டு வாரத்தில்தான் இலை உதிரவே தொடங்கும். ஏற்கனவே மாதக்கணக்கில் இருட்டில் கிடந்த செடிக்குத்தான் நிதானம் தேவை. பாதி அளவில் ஆரம்பித்து, மூன்று நாளைக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். இருட்டில் வளர்ந்த இலை மெல்லியது, திடீர் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

இலை சொல்வதைக் கேட்பது

வெளிச்சம் போதவில்லை என்றால் ஈர்க்குக்கும் ஈர்க்குக்கும் நடுவே தண்டு நீளும், புது இலைகள் சிறுத்து வெளிறி இருக்கும், தண்டு விளக்குப் பக்கம் சாயும். ஆள்காட்டி விரலை வைத்துப் பாருங்கள்: கோடையில் வந்த பகுதியில் ஒரு விரல்கணு இடைவெளியில் ஈர்க்கு பிரிந்திருந்தது, இப்போது இரண்டு கணு இடைவெளி என்றால் விளக்கை இறக்குங்கள்.

அதிகமானால் அறிகுறி உச்சியில்தான் முதலில் வரும். விளக்குக்கு மிக அருகில் உள்ள இலைகள் மட்டும் வெளுக்கும், தோணி மாதிரி மேல்நோக்கி மடியும், ஓரம் மொறுமொறுவென்று காயும். கீழ் இலைகள் பச்சையாகவே இருக்கும். அப்போது பத்து செ.மீ. ஏற்றுங்கள். வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது. அடுத்து வரும் கொழுந்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சூட்டைப் பார்க்க, உச்சி இலை மட்டத்தில் புறங்கையை அரை நிமிடம் வைத்தாலே போதும். சுள்ளென்று உறைத்தால் செடிக்கும் அப்படித்தான்.

எல்லா மஞ்சளுக்கும் விளக்கைக் குறை சொல்ல முடியாது. அடி இலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுகிறது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து எடுக்க முடியவில்லை. ஊரில் இதற்குப் புளித்த மோர் ஊற்றுவார்கள். தோட்டத்தில் சரி, கார்பெட் போட்ட, ஜன்னல் திறக்காத வீட்டில் அந்த வாசனையோடு மார்ச் வரை குடித்தனம் நடத்த முடியாது. கடையில் விற்கும் இரும்புக் கலவையே மேல்.

இலை மேல் பொடிப்பொடியாக வெளிர்புள்ளி தெரிந்தால் விளக்குச் சூடு என்று நினைத்து உயரத்தை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில துகள்கள் நகர்ந்தால் அது சிலந்திப்பேன். ஹீட்டர் ஓடும் உலர்ந்த காற்றில் அது வெகு வேகமாகப் பெருகும். குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, நான்கைந்து நாள் கழித்து மறுபடி கழுவ வேண்டும்.

கூடவே வரும் வேலைகள்

வெளிச்சம் கூடினால் தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். விளக்கு இல்லாத காலத்தில் ஊற்றிய கணக்கு இனிப் பொருந்தாது. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஜன்னலோரத் தரை சில்லென்று இருக்கும். மேலே நல்ல வெளிச்சம், கீழே வேர் குளிரில் என்றால் வேரால் தண்ணீரை ஏற்ற முடியாமல் இலை துவளும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் பலகை ஒன்று வைத்துவிட்டால் தீர்ந்தது. விளக்கில் படியும் தூசியை மாதம் ஒருமுறை, அணைத்து ஆறிய பிறகு, உலர்ந்த துணியால் துடையுங்கள்.

செடி வளர வளர உச்சி விளக்கை நெருங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. புதுக்கொழுந்து பத்து செ.மீ. வளர்ந்தால் விளக்கையும் பத்து செ.மீ. ஏற்ற வேண்டும், அல்லது கொழுந்தைக் கிள்ள வேண்டும். நான் கிள்ளுவேன்.

வெளியே அனுப்பும் காலம்

டொராண்டோவில் மே மாத நீண்ட வார இறுதி, அதாவது விக்டோரியா டே சமயத்தில்தான் தோட்டக்காரர்கள் மென்மையான செடிகளை வெளியே வைப்பார்கள். இரவு 10 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகு கறிவேப்பிலையை வைக்கலாம். இங்கேதான் குளிர்காலம் முழுக்கக் காப்பாற்றிய செடியை ஒரே நாளில் கருக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. 280 மைக்ரோமோலுக்குப் பழகிய இலையை 2,000 மைக்ரோமோல் வெயிலில் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் மூன்று நாள் முழு நிழல். அடுத்த மூன்று நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம். பத்து நாள் தாண்டி, மேகமூட்டமான ஒரு நாள் பார்த்து நிரந்தர இடத்துக்கு மாற்றுங்கள்.

விளக்கைப் பெட்டியில் கட்டி வைக்கும் முன், மார்ச், ஏப்ரலில் அதற்கு இன்னொரு வேலை கொடுக்கலாம். மிளகாய், தக்காளி, கத்தரி விதை போட்ட தட்டுகளை அதே விளக்கின் கீழ் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தால், முளை வந்த அன்றிலிருந்து 200 மைக்ரோமோல், அதாவது 13,000 லக்ஸ், 16 மணி நேரம் போதும். தட்டு தரையோடு இருக்கும், கறிவேப்பிலை உச்சி மேலே இருக்கும், இரண்டுக்கும் ஒரே உயரம் ஒத்துவராது. விளக்கை இறக்க வேண்டாம். தட்டைப் பழைய அட்டைப்பெட்டிகள் மேல் ஏற்றி, போனில் 13,000 காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். நாற்று உயர உயர ஒவ்வொரு பெட்டியாக உருவிக்கொண்டே வாருங்கள்.